பிளாசிதாவின் பால்தொட்டி வாலை

பிளாசிதா ஒவேலார், தைலம் வடிப்பதற்காகத் தன் கையால் செய்த வாலையை முதன்முதலாகப் படமாகப் பார்த்தது கூட்டுறவுச் சங்கத்தின் சுவரில்தான். நல்ல பெரிய தாள், வழவழப்பான தாள். நீலக் கோட்டில் தொட்டி, அதன் மேல் மூடி, மூடியிலிருந்து வளைந்து போகும் கழுத்துக் குழாய், தண்ணீருக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும் சுருள் என எல்லாம் அச்சு அசலாக அவளுடையது. கீழே கொட்டை எழுத்தில் 'வடிவமைத்தவர்: இஞ்சினியர் லிசாந்த்ரோ வில்யால்பா' என்று போட்டிருந்தது.

வடிவமைத்தவராம்! அந்த ஆள் அந்தத் தொட்டியில் ஒரு ஆணி அடித்தது கிடையாது. அடுப்புக்கு ஒரு சுள்ளி ஒடித்துப் போட்டது கிடையாது. நாலு நாள் வந்து அவள் வீட்டு மரவள்ளிக்கிழங்கையும் முட்டையையும் சாப்பிட்டுவிட்டு, நாடாவை வைத்து அளந்து, கேமராவில் படம் எடுத்து, எழுதிக்கொண்டு போனான். அவ்வளவுதான் அவன் செய்த வேலை. பிளாசிதா அந்தத் தாளுக்கு முன்னால் நின்று பெயரை மூன்று தடவை படித்தாள். எங்கள் ஊரில் வாய்க்கு குவாரனி, காகிதத்துக்கு ஸ்பானிஷ். காகித மொழியை அவள் மெதுவாகத்தான் படிப்பாள். எத்தனை தடவை மெதுவாகப் படித்தாலும் அதில் ஒவேலார் என்ற பெயர் வரவில்லை.

அவள் வயிறு ஏன் அப்படி எரிந்தது என்று தெரியவேண்டுமானால், அந்த வாலை வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரான அபேப்புத்தியில் கசப்பு நாரத்தை இல்லாத வீடு கிடையாது. பழத்தை யாரும் சீண்டமாட்டார்கள். கிளையை வெட்டி, இலையை ஆவியில் வேகவைத்துத் தைலம் இறக்குவதுதான் பிழைப்பு. வெட்டின மரம் மறுபடி துளிர்க்கும், மறுபடி வெட்டலாம். ஆனால் இலை மட்டும் இருந்தால் ஆயிற்றா, வாலை வேண்டாமா? வாலை இருந்தது ஒரே ஒருவரிடம். தோன் ஃபுல்ஹென்சியோ இன்ஸ்ஃப்ரான். இரும்புப் பீப்பாய்களைப் பிளந்து ஒட்டவைத்த வாலை. அவருடைய சட்டம் எளிமையானது. வாலை என்னுடையது, ஆகவே வடிகிற தைலத்தில் பாதி எனக்கு. மீதிப் பாதியையும் நானே வாங்கிக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் தைலம் வாங்குகிறவனும் நான்தான்.

இதோடு விட்டாலும் பரவாயில்லை. உங்கள் பங்குப் பாட்டிலை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடிப்பார். உதட்டைப் பிதுக்குவார். தைலம் கறுத்திருக்கிறதே, இதற்கு முழு விலை எப்படிக் கொடுப்பது என்பார். கறுத்தது யாருடைய பீப்பாயின் துருவால்? அவருடைய பீப்பாயின் துருவால். அவருடைய துருவுக்கு நாங்கள் விலை குறைத்துக்கொண்டோம். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பதினாறு வருஷம். இலையில்தான் ஏதோ குறை, மண்ணில்தான் ஏதோ குறை என்று தலையை ஆட்டிவிட்டு வந்தோம். இப்போது நினைத்தாலும் எங்களை நாங்களே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிளாசிதாவும் தலையை ஆட்டியவள்தான். அவள் புருஷன் ஆர்சேனியோ கட்டட வேலைக்கு என்று புவெனஸ் அய்ரெஸ் போனான். இரண்டு கிறிஸ்துமஸுக்கு வந்தான், மூன்றாவதுக்குப் பணம் மட்டும் வந்தது, நாலாவதுக்கு அதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு நாரத்தையும் நாலு பன்றியும்தான் அவளுக்குக் கதி. ஒரு நாள் பன்றி விற்கப் போன இடத்தில், மெனோனைட் ஜெர்மன்காரர்களின் பால் பண்ணையில், பழைய சாமான் குவியலில் ஒரு எவர்சில்வர் தொட்டியைப் பார்த்தாள். ஓரம் நசுங்கியிருந்தது. இருபது வருஷம் புளித்த பால் குடித்த தொட்டி, ஒரு பொட்டுக் கறை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த காரியத்தை எந்தப் பள்ளிக்கூடமும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு தகர டப்பாவில் ஒரு கை இலையைப் போட்டுக் காய்ச்சினாள். அதே அளவு இலையை எவர்சில்வர் குவளையில் போட்டுக் காய்ச்சினாள். இரண்டின் மேலும் பீங்கான் தட்டைக் கவிழ்த்து, தட்டில் கோத்த துளிகளை வழித்துப் பார்த்தாள். குவளையின் தட்டில் தெளிந்த நீர். டப்பாவின் தட்டில் தேநீர் நிறம். அன்று சாயங்காலம் அவள் ஃபுல்ஹென்சியோவை வைத வசவுகளை இங்கே எழுத முடியாது.

மறுவாரமே தாய்ப் பன்றியையும் அதன் ஏழு குட்டிகளையும் ஓட்டிக்கொண்டு போய்ப் பண்ணைக்காரனிடம் கொடுத்துவிட்டு, அந்தத் தொட்டியையும் பால் ஓடிய நாலு நீளக் குழாய்களையும் மாட்டுவண்டியில் ஏற்றினாள். வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. பக்கத்து வீட்டு பொர்ஃபீரியா வேலியோரம் நின்று பார்த்தாள். பொர்ஃபீரியா மகளின் ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தியவள் பிளாசிதா. அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் 'கோமாரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன கோமாரே, பன்றியக் குடுத்துட்டுப் பாத்திரம் வாங்கிட்டு வந்திருக்க? எட்டு உசிரு போச்சு. இதுல எத்தன பேருக்குக் கஞ்சி காய்ச்சப் போற?"

"ஃபுல்ஹென்சியோவுக்குக் காய்ச்சப் போறேன்" என்றாள் பிளாசிதா.

ஓடைக்கரையில் அடுப்பு வெட்டினாள். தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே லாப்பாச்சோ மரச் சட்டங்களால் ஒரு தட்டி அடித்தாள், இலை தண்ணீரில் விழுந்து வேகாமல் ஆவியில் வேகவேண்டும் என்பதற்காக. குழாயை வளைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. நேராக நின்று பழகிய பால்குழாய், வளை என்றால் வளையுமா? மண்ணை அடைத்துச் சூடுபடுத்தி வளைக்கலாம் என்று மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் வில்ஃப்ரீதோ சொன்னான். ஓடை மணலை அள்ளி அடைத்து, இரண்டு முனையும் கட்டை அடித்து, நெருப்பில் போட்டார்கள். மணலில் ஈரம் இருந்தது. குழாய் வெடித்த சத்தத்தில் அரை ஊர் ஓடிவந்தது. நாலில் ஒன்று போயிற்று.

அடுத்த தடவை மணலை அடைச் சட்டியில் போட்டு, சோளம் வறுப்பதுபோல வறுத்துவிட்டு அடைத்தாள். குழாய் செக்கச் சிவந்ததும் ஏழு வீட்டு ஆட்கள் ஒரு பக்கம் பிடித்து இழுக்க, ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் மறு பக்கம் தள்ள, தென்னை போலிருக்கும் எங்கள் முள்மரத்தின் அடியைச் சுற்றி வளைத்தார்கள். எங்கள் ஊரில் இப்படி ஒரு வீட்டு வேலைக்கு ஊர் கூடினால் கூலி கிடையாது. சாப்பாடு உண்டு, அடுத்த தடவை அவர்கள் வீட்டு வேலைக்கு நீங்கள் போகவேண்டும். மூன்று நாளில் சுருள் முடிந்தது.

மூடியின் விளிம்பை அடைக்கக் களிமண் பூசினாள், சூட்டில் பிளந்தது. மரவள்ளிமாவோடு சாம்பலைக் கலந்து பிசைந்து பூசினாள். அது நன்றாகப் பிடித்தது. ஆனால் வேகும்போது ரொட்டி வாசனை வந்து, ஊர் நாய்கள் எல்லாம் வாலையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. கொஞ்சம் அசந்தால் விளிம்பை நக்கிவிடும். அதற்கு ஒரு கை சாம்பல் கூடுதலாகப் போட்டாள், நாய்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டன.

முதல் தைலம் இளமஞ்சளாக இறங்கியது. பாட்டிலுக்குப் பின்னால் கையை வைத்தால் ரேகை தெரிந்தது. பதினாறு வருஷமாக எங்கள் நாரத்தையின் நிறம் எங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது, பாருங்கள். பிளாசிதா அழுதாள் என்று சொன்னால் அடிக்க வருவாள். அடுப்புப் புகை என்று வைத்துக்கொள்வோம்.

அவளும் ஒரு சட்டம் போட்டாள். குழாய் இழுத்த ஏழு வீட்டுக்கும் இந்த வாலையில் உரிமை உண்டு. பங்கு என்று ஒரு சொட்டு வேண்டாம். விறகைக் கொண்டுவாருங்கள், முடிந்ததும் சாம்பலை வாரிவிட்டுப் போங்கள். அவ்வளவுதான்.

ஃபுல்ஹென்சியோ சும்மா இருப்பாரா? இவ்வளவு வெளுத்த தைலம் நாரத்தையாக இருக்காது, மண்ணெண்ணெய் கலந்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொன்னார். அவரிடம் தைலம் வாங்கும் நகரத்துக் கம்பெனி சோதித்துப் பார்த்துவிட்டு, இந்த மாதிரியே இன்னும் அனுப்பு என்றதும் வாயை மூடிக்கொண்டு வாங்கினார். அடுத்த வருஷம் வெளிநாட்டுப் பணத்தில் ஒரு திட்டம் வந்தது, கூட்டுறவுச் சங்கம் வந்தது. சங்கத்துக்குத் தலைவராக யார் வந்தார் என்று கேட்கிறீர்களா? அவரேதான். பலகையில் பெயர் மாறியது, தராசும் ஆளும் மாறவில்லை.

அந்தத் திட்டத்தோடு வந்தவன்தான் லிசாந்த்ரோ. கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன், தலைநகர் அசுன்சியோனில் நல்ல வீட்டில் வளர்ந்தவன், 'அக்கா அக்கா' என்று மரியாதையாகத்தான் பேசினான். முதல் நாள் காலையில் வாலையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் தெரெரே குடித்தோம். கொம்புக் குவளையில் மூலிகையும் குளிர்ந்த தண்ணீரும், ஒரே குவளை, கை மாறிக் கை மாறி வரும். அவன் முதல் மடக்குக்கே 'நன்றி' என்றான். எங்களிடம் குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி என்றால் எனக்குப் போதும் என்று அர்த்தம். ஆகவே அன்று முழுக்க அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. அந்த வெயிலில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, நன்றி சொல்லாதே தம்பி என்று பொர்ஃபீரியாதான் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பாடத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் எங்களுக்கு எதற்கும் நன்றி சொல்லவில்லை.

பிளாசிதா அவனிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. மணலை வறுக்கவேண்டும் என்றாள், சாம்பல் எத்தனை கை என்றாள், இலையை எந்தப் பதத்துக்கு மிதிக்கவேண்டும் என்றாள். படித்த பையன் தன்னிடம் கேட்டு எழுதுகிறானே என்று அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் பிறகு அவளை அதிகமாகச் சுட்டது.

ஒன்றரை வருஷம் கழித்துச் சுவரில் படம். படத்தின் கூடவே அறிவிப்பு. இனிமேல் சங்கம் 'மாதிரி வாலை'யில் வடித்த தைலத்தை மட்டும்தான் வாங்கும். வீட்டில் செய்த வாலைகள் பாதுகாப்பற்றவை, ஆகவே நகராட்சி அவற்றுக்கு முத்திரை வைக்கும். மாதிரி வாலை பன்னிரண்டு, பட்டறையில் தயாராகிவிட்டன, அவற்றில் நாலு எங்கள் சங்கத்து முற்றத்துக்கு வருகின்றன. அதில் வடிப்பவர்கள் தைலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சங்கத்துக்குக் கொடுக்கவேண்டும்.

அதாவது என்ன? அவளுடைய வாலையைப் பார்த்துச் செய்த வாலை பாதுகாப்பானது, அவளுடைய வாலை ஆபத்தானது. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன அநியாயம் செய்யவேண்டும்?

அவள் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. நாலாவது தடவை பார்க்கும்போதுதான் தொட்டியின் பக்கவாட்டில், அடுப்புக்குச் சற்று மேலே, ஒரு சின்ன வட்டமும் அதில் செருகிய கட்டையும் கண்ணில் பட்டது. பக்கத்தில் 'பாதுகாப்பு அடைப்பான்' என்று எழுதியிருந்தது. நேராகக் கூட்டம் நடக்கும் அறைக்குள் போனாள். எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், லிசாந்த்ரோ பேசிக்கொண்டிருந்தான். அவன் முடிக்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

"இஞ்சினியர் தம்பி, படத்துல பக்கவாட்டுல ஒரு ஓட்டை போட்டுக் கட்டை செருகியிருக்கே, அது எதுக்கு?"

"அது பாதுகாப்புக்குக்கா. உள்ள ஆவி அதிகமாச்சுன்னா கட்டை தானா மெதுவா வெளிய வந்து ஆவிய விட்டுடும்."

"மெதுவாவா?" என்றாள் அவள். "அது பால்காரன் சூடு பாக்குற கருவி வச்சிருந்த ஓட்டை, தம்பி. எனக்கு வேண்டாத ஓட்டை. அடைக்க வேற வழியில்லாம கொய்யாக் கட்டைய அடிச்சு, பின்னாடி கம்பி குடுத்து இறுக்கிக் கட்டி வச்சிருக்கேன். கட்டலைன்னா ஆவி முட்டி அது பிச்சுக்கிட்டுப் பறக்கும். உங்க படத்துல கம்பி எங்க?"

லிசாந்த்ரோ முழித்தான். கம்பியா, அது நீங்கள் துணி காயப்போடுகிற கம்பி இல்லையா என்று கேட்டான். அறை முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்திருந்தால் நியாயம். அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். கை துடைக்கிற கந்தலை அவள் அந்தக் கம்பியில்தான் போடுவாள், அது எல்லோருக்கும் தெரியும்.

பன்னிரண்டு நல்ல தொட்டிகள். புத்தம்புதுத் தகடு. அதில் வேலை மெனக்கெட்டு ஓட்டை போட்டு, பட்டறையில் கட்டை கடைந்து, அந்த ஓட்டையை அடைத்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? பிளாசிதா சிரிக்கவில்லை. பெயரெல்லாம் உங்களுடையதாகவே இருக்கட்டும், தயவுசெய்து பன்னிரண்டுக்கும் கம்பியாவது போட்டுக் கட்டுங்கள் என்று கேட்டாள். ஃபுல்ஹென்சியோ மேசையைத் தட்டினார். வரைபடத்தில் இல்லாததைச் சேர்த்தால் அனுமதி ரத்தாகிவிடும், பொறாமையில் கூட்டத்தைக் குழப்பாதே, போய் உட்கார் என்றார். அவள் உட்காரவில்லை, வெளியே வந்துவிட்டாள். அந்தப் படத்தைக் கிழித்துப் போடாமல் வந்தேனே என்று பின்னால் தன் மேலேயே கோபப்பட்டாள்.

மறுநாள் நகராட்சி ஆள் வந்து அவள் வாலையின் மூடிக்கும் தொட்டிக்கும் சேர்த்துக் கம்பி கட்டி, ஈய முத்திரை நசுக்கிவிட்டுப் போனான். பாதுகாப்புக்காகவாம்.

ஏழு வீடும் சங்கத்து முற்றத்துக்குப் போய் முறைபோட்டு வடித்தன. வேறு என்ன செய்ய, வயிறு இருக்கிறதே. நாலாவது வாரம் பொர்ஃபீரியாவின் முறை. விறகு தள்ளக் குனிந்திருந்தாள். சுருளில் இலைத் தூசி அடைத்துக்கொண்டதோ என்னவோ, அந்தக் காய்ந்த கட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்தது. முகத்தில் படவில்லை, அது தெய்வச் செயல். பின்னாலேயே வந்த ஆவி வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரை வேகவைத்துவிட்டது. வில்ஃப்ரீதோ மோட்டார் சைக்கிளில் நடுவில் அவளை உட்காரவைத்து, பின்னால் பிளாசிதா பிடித்துக்கொள்ள, முப்பது கிலோமீட்டர் செம்மண் ரோட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பொர்ஃபீரியா பல்லைக் கடித்த சத்தம் பிளாசிதாவின் காதில் விழுந்தது.

நான் அப்போதே சொன்னேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னது போதாது, கத்தியிருக்கவேண்டும், மேசையைக் கவிழ்த்திருக்கவேண்டும் என்றுதான் இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து தன்னையே வைதுகொண்டிருந்தாள்.

மாதிரி வாலைகளை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஏழு வீட்டிலும் இலை வெட்டியாகிவிட்டது. வெட்டின இலை மூன்று நாளுக்கு மேல் தாங்காது. குவியலுக்குள் கையை விட்டால் புளித்த மாவு மாதிரிச் சூடு தெரிய ஆரம்பிக்கும், பிறகு அது எருவுக்குத்தான் ஆகும். ஒரு பருவத்துப் பிழைப்பு முழுக்கத் தரையில் கிடந்தது. பிளாசிதாவின் வாலை இருக்கிறது, ஓடையில் தண்ணீர் இருக்கிறது, மூடியில் ஈயமும் இருக்கிறது. பணம் கொடுத்த வெளிநாட்டு ஆட்கள் விசாரணைக்கு வருகிறார்கள் என்று ஊரில் பேச்சு.

மூன்றாம் நாள் காலையில் ஃபுல்ஹென்சியோவின் வண்டி பிளாசிதா வீட்டு வாசலில் வந்து நின்றது. கூடவே லிசாந்த்ரோ, கையில் ஒரு தாளோடு. என்ன செய்யப்போகிறார்கள் என்று பார்க்க ஏழு வீட்டு ஆட்களும் இலை ஏற்றிய மாட்டுவண்டிகளோடு ஓடைக்கரையில் கூடிவிட்டார்கள். கை முழுக்கக் கட்டோடு பொர்ஃபீரியாவும் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக 'நீ' என்று பேசிய ஃபுல்ஹென்சியோ அன்றைக்கு 'ஞா' என்ற மரியாதைச் சொல்லோடு 'நீங்க' என்று ஆரம்பித்தார்.

"ஞா பிளாசிதா, உங்க பேரு வரலைன்னு உங்களுக்கு மனக்குறை. நியாயம்தான். இப்ப போட்டாச்சு. ஒரு கையெழுத்துப் போடுங்க, சாயங்காலத்துக்குள்ள முத்திரைய எடுக்கச் சொல்றேன். எல்லாரு எலையும் பொழைச்சுக்கும்."

அவள் தாளை வாங்கினாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'விபத்துக்குள்ளான கருவி, அபேப்புத்தியில் வசிக்கும் திருமதி பிளாசிதா ஒவேலார் ரிவேரோஸ் அவர்களின் சொந்தக் கண்டுபிடிப்பை ஆதாரமாகக் கொண்டது. பக்கவாட்டு அடைப்பான் அன்னாரது மூல வடிவமைப்பின் பகுதியாகும்.' அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர், அடையாள அட்டை எண், ஒன்றில் ஒரு எழுத்துப் பிழை இல்லை.

கேட்டீர்களா நியாயத்தை? படம் சுவரில் தொங்கியபோது அந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒருத்தியின் கை வெந்ததும் முழுப் பெயரும் ஞாபகம் வந்துவிட்டது.

அவள் ஃபுல்ஹென்சியோவைப் பார்க்கவேயில்லை. லிசாந்த்ரோவைப் பார்த்தாள்.

"அன்னிக்குப் படம் எடுக்கும்போது, உங்க நிழல் தொட்டி மேல விழுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கான்னு சொன்னீங்க. நானும் தள்ளி நின்னேன் தம்பி. தள்ளி நிக்கச் சொன்னவள இப்ப எதுக்குக் கையப் பிடிச்சு இழுக்குறீங்க?"

லிசாந்த்ரோ தன் பூட்ஸைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தான், ஃபுல்ஹென்சியோ முறைத்ததும் மூடிக்கொண்டான். படித்த படிப்புக்கு அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் அவனை மனுஷன் என்று சொல்லியிருப்போம்.

பிளாசிதா தாளை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள். அடுப்படிக்குப் போய் அரிவாளை எடுத்து வந்தாள். ஃபுல்ஹென்சியோ இரண்டடி பின்னால் போனார். அவள் அவரைத் தாண்டிப் போய், மூடியில் கட்டியிருந்த கம்பியை அரிவாள் மூக்கில் மாட்டி ஒரு இழு இழுத்தாள். ஈயம் தெறித்துச் சாம்பலில் விழுந்தது.

"முத்திரைய உடைச்சா என்ன ஆகும் தெரியுமா உனக்கு?" இப்போது 'நீ' திரும்பி வந்துவிட்டது. "அபராதம் மட்டுமில்ல, உள்ள போகணும். நீ மட்டும் இல்ல, இந்த வாலையில கை வைக்கிற அத்தன பேரும். நானே எழுதிக் குடுப்பேன்."

"எழுதுங்க. பிளாசிதா ஒவேலார் ரிவேரோஸ்தான் உடைச்சான்னு தெளிவா எழுதுங்க. அத நான் செஞ்சேன். அதுக்குக் கையெழுத்துப் போடுறேன்."

அவர் எழுதவில்லை. ஆனால் அவர் சொன்ன சொல் வேலை செய்துவிட்டது. மூடி திறந்து கிடந்தது, இலைக் கட்டுகள் மாட்டுவண்டிகளில் கிடந்தன, ஒருவரும் அசையவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள், அபராதம் என்றால் யாருக்கு இருக்கிறது பணம்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிளாசிதாவுக்கு அது புரிந்தது. யாரையும் கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. இலையைத் தொட்டிக்குள் மிதித்து இறுக்காமல் அடுப்பு மூட்டிப் பிரயோசனமில்லை. ஒரு ஆள் அடுப்பையும் பார்த்து, மிதிக்கவும் முடியாது. அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்த தொட்டியின் பக்கத்தில் தனியாக நின்றாள்.

பொர்ஃபீரியா வேலியை விட்டு நகர்ந்து வந்தாள். தோளோடு சேர்த்துக் கட்டிய கை. செருப்பை உதறினாள். தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் ஏறினாள். பிளாசிதா பதறிப்போய், வேண்டாம் கோமாரே, கீழே இறங்கு என்று அவள் இடுப்பைப் பிடித்தாள். பொர்ஃபீரியா இடது கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்தாள், மறு காலையும் வைத்தாள்.

"கைதானே வெந்துச்சு" என்றாள். "காலு நல்லாத்தான இருக்கு. என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, எலையப் போடுங்க."

வில்ஃப்ரீதோதான் முதல் கட்டைத் தூக்கினான். அதற்குப் பிறகு யாரும் ஃபுல்ஹென்சியோவின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.